பில் பெட்டிகளை வெளியே அனுப்பினால் காசு மிச்சமாகுமா?

கேள்வி: எங்களுடையது சிறிய மொத்த வியாபாரம். பதினோரு வருட பில், வவுச்சர், ஒப்பந்தம் எல்லாம் 160 பெட்டிகளில் அலுவலகத்தின் பின்னறையில் கிடக்கின்றன, 120 சதுர அடி. ஆவணக் கிடங்கு நடத்தும் ஒருவர் பெட்டிக்கு மாத வாடகை சொல்லியிருக்கிறார். எங்கள் அறை வாடகையோடு ஒப்பிட்டால் பாதிதான் வருகிறது. அனுப்பிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பெட்டிகள் போன மறுமாதம் உங்கள் கட்டிட உரிமையாளர் அந்த 120 சதுர அடிக்கு வாடகையைக் குறைத்துக்கொள்வாரா? மாட்டார். அப்படியென்றால் அறைக்கும் கொடுப்பீர்கள், கிடங்குக்கும் கொடுப்பீர்கள். அந்த இடத்தில் சரக்கு வைத்தாலோ, இரண்டு மேசை போட்டு ஆள் உட்கார வைத்தாலோ, வாடகை ஒப்பந்தம் முடியும்போது சிறிய இடத்துக்கு மாறினாலோதான் உங்கள் ‘பாதி’க் கணக்கு நிஜமாகும். காலி அறையில் உடைந்த நாற்காலிகள்தான் வந்து சேரும்.

அடுத்தது, மாத வாடகை என்பது கிடங்குச் செலவில் ஒரு பகுதிதான். முதல் தடவை பெட்டிகளை எடுத்துப்போய்ப் பதிவு செய்ய ஒரு கட்டணம், ஒரு பெட்டியை வரவழைக்க ஒன்று, வண்டிக்கு ஒன்று, பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப ஒன்று, அவசரமென்றால் கூடுதலாக ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு பெட்டி ஒரு தடவை போய்வர எட்டு மாத வாடகை அளவு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு மூன்று முறை வரவழைத்தால் அந்தப் பெட்டிக்கு 12 மாதத்துக்குப் பதில் 36 மாத வாடகை போகிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாத பெட்டிக்கு இதே கிடங்கு நல்ல பேரம். ஆகவே எத்தனை பெட்டி என்பதைவிட, எது எத்தனை தடவை திறக்கப்படுகிறது என்பதுதான் கணக்கு.

அது உங்களுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. பின்னறைக் கதவில் ஒரு நோட்டையும் பேனாவையும் கட்டித் தொங்கவிடுங்கள். உள்ளே போகிறவர் தேதி, எந்த வருடத்துப் பெட்டி, தேட எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதட்டும். கணக்கு முடிக்கும் மாதமும் சேர்ந்து வருகிற மாதிரி மூன்று மாதம் போதும். அந்த நிமிடங்களுக்கும் நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள். அறையிலேயே வைத்திருப்பதன் செலவில் அதையும் சேருங்கள். அப்புறம் ஈரம், கரையான், தீ.

இன்னொன்று, ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். பெட்டிக்கு 2,500 தாள் என்றால் 12.5 கிலோ, 160 பெட்டி 2 டன். உங்கள் அறை மாடியில் இருந்தால், செலவுக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் ஒரு கட்டிடப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

என் அனுபவத்தில் பெரிய மிச்சம் அனுப்புவதில் இல்லை, அழிப்பதில் இருக்கிறது. எந்த ஆவணத்தை எத்தனை வருடம் வைக்கவேண்டும் என்று ஆடிட்டரிடம் எழுதி வாங்குங்கள். வழக்கிலோ வரி விசாரணையிலோ இருப்பதைத் தொடாமல், கெடு தாண்டியதைத் துண்டு துண்டாக வெட்டி அழியுங்கள். மூடியில் ‘பழைய பில், பலவகை’ என்று மட்டும் எழுதிய பெட்டிகள் உங்களிடமும் இருக்கும். உள்ளே என்ன என்று தெரியாததால் அவற்றை அழிக்க ஒருவருக்கும் துணிச்சல் வராது, அப்படியே கிடங்குக்கு அனுப்பினால் காலம் முழுக்க வாடகை கட்டுவீர்கள். பிரித்துப் பார்த்து, அழிக்கவேண்டிய வருடத்தை மூடியிலேயே எழுதிவிட்டு அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யலாமே என்பீர்கள். ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்கித் தாளை நிமிர்த்தும் கூலியே பெரிதாக இருக்கும், அடிக்கடி கேட்கப்படுபவற்றுக்கு மட்டும் செய்யுங்கள்.

நான் என்றால் கடைசி இரண்டு வருடத்தை அறையில் வைத்துக்கொண்டு, அழித்ததுபோக மீதியை வெளியே அனுப்புவேன். ஆனால் கையெழுத்துப் போடுமுன், பெட்டிகளை ஒரேயடியாகத் திரும்ப எடுத்துக்கொண்டு விலகினால் பெட்டிக்கு எவ்வளவு, வருடாவருடம் வாடகை எவ்வளவு ஏறும் என்ற இரண்டையும் கேளுங்கள். நுழையும்போது மலிவாகச் சொல்லிவிட்டு விலகும்போது கறப்பது இந்தத் தொழிலில் உண்டு. “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் வேறு கிடங்கைப் பாருங்கள்.