மடிநோய் ஊசியைப் பாதியில் நிறுத்தினால் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: எங்களிடம் மூன்றாம் ஈத்து ஜெர்சி கலப்பின மாடு இருக்கிறது. கன்று போட்ட ஒரு மாதத்தில் பின்பக்க வலது மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. டாக்டர் செஃப்ட்ரியாக்சோன் ஊசியை ஐந்து நாளைக்குப் போடச் சொன்னார். இரண்டாம் நாளே வீக்கம் வடிந்து பால் வெள்ளையாகிவிட்டதால் நிறுத்திவிட்டோம். பதினைந்து நாளில் அதே காம்பில் மறுபடியும் திரி. பக்கத்துத் தோட்டத்துக்காரர், மீதி ஊசியோடு டெட்ராசைக்ளினையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் கேட்கும் என்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். அந்த இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ஏன் என்று தெரிந்துகொண்டால், இரண்டு நாளில் நிறுத்தியது ஏன் வினையானது என்பதும் சேர்ந்தே புரியும்.

பாக்டீரியாவைச் சுற்றிப் பின்னிய வலை மாதிரி ஒரு சுவர் இருக்கிறது. உள்ளே அழுத்தம் மிக அதிகம். சைக்கிள் டயருக்குள் டியூப் இருப்பது போலத்தான். டயர் கிழிந்தால் டியூப் பிதுங்கி வெடித்துவிடும். ஆனால் கிருமி வளர வேண்டும், இரண்டாகப் பிரிய வேண்டும். அதற்கு இந்தச் சுவரைத் தானே அங்கங்கே வெட்டிக்கொள்கிறது. கொட்டகைத் தட்டியை அகலப்படுத்தும்போது நாம் என்ன செய்கிறோம்? பழைய கட்டை அறுத்து, புதுக் கீற்றைச் செருகி, உடனே கட்டிவிடுகிறோம். கிருமியிடமும் அறுக்கும் நொதிகள் தனி, கட்டும் நொதிகள் தனி. இரண்டும் கூடவே நடக்கும்வரை அதற்கு ஆபத்தில்லை.

பென்சிலினும், அதன் உறவான செஃப்ட்ரியாக்சோனும் கட்டுகிற கையைப் பிடித்துக்கொள்கின்றன. அறுக்கிற கை நிற்பதில்லை. சுவர் ஓட்டையாகி, உள்ளழுத்தம் தாங்காமல் கிருமி வெடிக்கிறது. பெரும்பாலும் அதைக் கொல்வது அதன் சொந்தக் கத்திதான். 1970இல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் டோமாஸ் குழுவினர் நிமோனியா கிருமியில் இதைக் காட்டினார்கள்: அறுக்கும் நொதி சரியாக வேலை செய்யாத கிருமியின் வளர்ச்சியைப் பென்சிலின் நிறுத்தியது, ஆனால் கிருமி வெடிக்கவில்லை.

இப்போது உங்கள் மாட்டுக்கு வருவோம். டெட்ராசைக்ளின் கிருமியின் வளர்ச்சியை நிறுத்திவைக்கும் மருந்து. வளராத கிருமிக்குச் சுவரை அறுக்க வேண்டிய வேலையே இல்லை. அறுக்காத கிருமியிடம் உங்கள் முதல் ஊசி என்ன செய்யும்? அதனால்தான் சேர்க்க வேண்டாம் என்கிறேன்.

இரண்டு நாளில் நடந்ததும் இதுதான். வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த கூட்டம் முதலில் செத்தது, பால் வெள்ளையானது. மடிக்குள் ஆழத்தில் சோம்பிக் கிடந்தவை பிழைத்துக்கொண்டன. அதே காம்பில் திரும்ப வருவதால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியோ என்று சந்தேகப்படுகிறேன். அது மடித்திசுவில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளுக்குள்ளும், செல்களுக்குள்ளேயே கூடவும் ஒளிந்துகொள்ளும். பென்சிலினையே சிதைக்கும் நொதி உள்ள வகைகளும் அதில் உண்டு. மைகோபிளாஸ்மா என்று வேறொரு கிருமியும் உண்டு. அதற்குச் சுவரே கிடையாது, இந்த ஊசி எத்தனை போட்டாலும் கேட்காது.

எனவே அடுத்த ஊசிக்கு முன் பாலைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைத்து, முதல் சில பீச்சை ஒதுக்கிவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து ஐஸில் வைத்து எடுத்துப் போங்கள். எந்த மருந்து கேட்கும் என்று முடிவு வந்ததும், டாக்டர் சொல்லும் நாள் முழுக்கப் போடுங்கள். ஊசிக்கு முன் மடியைச் சொட்டு விடாமல் கறந்துவிடுவது நல்லது. இந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். அந்தக் காம்புப் பாலைத் தரையில் பீச்ச வேண்டாம். கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருந்து அட்டையில் போட்டிருக்கும்; அது முடியும்வரை எந்தக் காம்புப் பாலையும் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது, வீட்டுக்கும் எடுக்கக் கூடாது.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடிக்கு மேல் பூசுகிறீர்கள் என்றால் தாராளமாகப் பூசுங்கள். வீக்கத்துக்கு இதமாக இருக்கும். அதை நம்பி ஊசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வெள்ளைப் பாலைக் கண்டு ஏமாறாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி சோப்புத்தூளைக் கரையுங்கள். ஒரு தட்டில் கொஞ்சம் பாலும் அதே அளவு கரைசலும் விட்டு, ஒரு நிமிடம் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். தண்ணீராக ஓடினால் நல்லது. ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கொழகொழவென்று திரண்டால், கண்ணுக்கு வெள்ளையாக இருந்தாலும் மடியில் நோய் இன்னும் இருக்கிறது. நாலு காம்புக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

பரிசோதனையில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றே வந்து, இந்த முறையும் முழுதாகத் தீரவில்லை என்றால், கறவையில் திரும்பத் திரும்ப ஊசி போட்டுப் பணத்தைக் கரைக்காதீர்கள். சினை முதிர்ந்து பால் வற்றவிடும் நாளில் காம்புக்குள் ஏற்றும் மருந்தை நாலு காம்பிலும் விடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அப்போது கறந்து வெளியேற்றாததால் மருந்து வாரக்கணக்கில் மடியிலேயே தங்கும். தூங்கிக் கிடக்கும் கிருமி எப்போது எழுந்து சுவரை அறுக்கத் தொடங்கினாலும் அங்கே மருந்து இருக்கும்.