சிஸ்டம்ரெஸ்க்யூவில் தமிழ்ப் பெயர்கள் கட்டமாகத் தெரிந்தால்

வணக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக் கணினியில் விண்டோஸ் திறக்கவில்லை, சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு லினக்ஸில் துவக்கினால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், கட்டம் என்றால் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கேள்விக்குறி வந்தால் அது லொகேல், அதாவது மொழி அமைப்புச் சிக்கல்.

முதலில் வட்டை ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும், எதுவும் எழுதாதபடி) மவுன்ட் செய்து, கணக்குக் கோப்புறையை அப்படியே வெளி வட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள். அதற்கு எழுத்துரு தேவையே இல்லை.

அப்புறம் ஸ்டார்ட்எக்ஸ் (startx) கட்டளை கொடுத்து வரைகலைத் திரைக்கு வாருங்கள். கறுப்புக் கன்சோலில் தமிழ் ஒழுங்காக வராது, அங்கே மெனக்கெட வேண்டாம். நிரல்களை நிறுவும் பேக்மேன் (pacman) கட்டளையால் நோட்டோ-ஃபான்ட்ஸ் (noto-fonts) எழுத்துருத் தொகுப்பை நிறுவுங்கள். கவ்பேக்மேன்டுஎஸ்ஆர்எம் (cowpacman2srm) கட்டளையால் அதை மாட்யூலாக்கி (துவக்கும்போது சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கோப்பாக்கி) பென்டிரைவில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை துவக்கும்போது துவக்க வரியில் லோட்எஸ்ஆர்எம் (loadsrm) என்று கொடுத்தால் போதும். தட்டச்சுக்கு, விசைப்பலகையை அமைக்கும் செட்எக்ஸ்கேபிமேப் (setxkbmap) கட்டளையில் ஆங்கிலத்தை முதலில் வைத்து, இந்திய லேஅவுட்டின் தமிழ்99 வகையை இரண்டாவதாகச் சேருங்கள். கட்டளை தட்ட ஆங்கிலம் கட்டாயம் வேண்டும்.