வாசகர் கேள்வி-பதில்: டீச்சருக்கு ஒரு கிரேக்கத் தீவு

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அடுத்த ஆண்டு கணவரோடு ஒரு கிரேக்கத் தீவுக்குப் போக ஆசை. மகள் சாண்டோரினி என்கிறாள். எங்களுக்கு நீச்சல்குளமும் செல்ஃபியும் வேண்டாம். வரலாறு, மலை, கடல், அந்த ஊர் மக்களின் வழக்கங்கள், இவைதான் வேண்டும். இருவரும் சைவம். எந்தத் தீவு சரிப்படும்?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: தீனோஸ் போங்கள், டீச்சர். சாண்டோரினி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோடையில் கப்பல் கப்பலாக ஆள் இறங்கும்போது, முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். தீனோஸ் அப்படியல்ல. கிரேக்கர்களே வேண்டுதலோடு வந்துபோகும் தீவு அது.

1822இல் பெலாகியா என்ற கன்னியாஸ்திரீக்கு மாதா காட்சி தந்து, மண்ணுக்குள் கிடக்கும் தன் படத்தைத் தோண்டி எடுக்கச் சொன்னாராம். 1823 ஜனவரி 30 அன்று படம் கிடைத்தது. துருக்கியருக்கு எதிரான விடுதலைப் போர் தொடங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். நாடே அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டது. படம் கிடைத்த இடத்தில்தான் மாதா கோயில் நிற்கிறது.

துறைமுகத்திலிருந்து கோயில்வரை ஒரே ஏற்றம். சாலையோரம் நெடுகக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். வேண்டிக்கொண்டவர்கள் அதன்மேல் முழங்காலிட்டு நகர்ந்தே மேலே போகிறார்கள். நான் பார்த்த ஓர் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கறுப்பு உடை, முழங்காலில் சுற்றிய துணி. மகன் தண்ணீர் பாட்டிலோடு கூடவே நடந்தான். பாதி வழியில் நின்றவர், குடையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று மகனை ஒரு பிடி பிடித்துவிட்டு மறுபடி நகர ஆரம்பித்தார். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் நின்ற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கேமராவைத் தூக்குவதா வேண்டாமா என்று தவித்ததெல்லாம் மற்ற சுற்றுலாப் பயணிகள்தான்.

கோயிலுக்குள் போனதும் அண்ணாந்து பாருங்கள். கூரையிலிருந்து வெள்ளி விளக்குகள் தொங்கும். அவற்றின் அடியில் கப்பல், தொட்டில் என்று காணிக்கைகள். ஒரு கப்பலின் அடியில் மீன் ஒன்று செருகிக்கொண்டிருக்கும். புயலில் கப்பலில் ஓட்டை விழுந்தபோது, மீன் வந்து அடைத்துக் காப்பாற்றியதாகக் கதை. ஓர் ஆரஞ்சு மரமும் உண்டு. பார்வையிழந்த ஒருவர், ‘கண் தெரிந்தால் முதலில் எதைப் பார்க்கிறேனோ அதையே செய்துவைக்கிறேன்’ என்று வேண்டியதன் பலன். வெளியே கடைகளில் கண், கை, கால், குழந்தை உருவம் பொறித்த தகடுகள் விற்கிறார்கள். நம் கோயில்களில் கண்மலர் சாத்துவது போலத்தான். மாதா படத்தை மட்டும் சரியாகப் பார்க்க முடியாது. அவ்வளவு நகை.

பெருவிழா ஆகஸ்ட் 15. படம் ஊர்வலமாக வரும்போது, அது தங்கள் தலைக்கு மேலே கடந்துபோகட்டும் என்று மக்கள் சாலையில் வரிசையாக முழங்காலிட்டுக் காத்திருப்பார்கள். 1940இல் இதே நாளில்தான் துறைமுகத்தில் நின்ற எல்லி என்ற கிரேக்கப் போர்க்கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. இத்தாலி அப்போது கிரேக்கத்தின்மேல் போர்கூட அறிவித்திருக்கவில்லை. கோயிலுக்குக் கீழேயே நினைவிடம் இருக்கிறது, பாருங்கள்.

ஆனாலும் உங்கள் இருவருக்கும் ஆகஸ்ட் வேண்டாம் என்பேன். வெயில், நெரிசல், அறையும் லேசில் கிடைக்காது. திருவிழாதான் வேண்டுமென்றால் மார்ச் 25க்குப் போங்கள், குளிர்ச்சியாக இருக்கும். கூட்டமே ஆகாது என்றால் மே அல்லது செப்டம்பர். முழங்காலிட்டுப் போகிறவர்களை மற்ற மாதங்களிலும் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் ஆகஸ்ட் முதல் இரண்டு வாரமும் கிரேக்கர்கள் விரதம். இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. ‘நிஸ்டீசிமோ’ என்று கேட்டால் விரதச் சாப்பாடு வரும். ஒன்று மட்டும் கவனம்: கணவாயும் இறாலும் அவர்கள் கணக்கில் விரதத்துக்கு ஆகும்! தட்டு வருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். கத்தோலிக்கரான வெனிஸ்காரர்கள் 1715வரை ஆண்ட தீவு இது. அதனால் ஒரு கிராமம் கத்தோலிக்கம், அடுத்தது கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவம் என்று இருக்கும். தாராம்படோஸ் ஊரில் புறா மாடங்களைப் பாருங்கள். மேல்மாடியில் புறா, கீழே விவசாயச் சாமான். சுவரில் மெல்லிய பலகைக்கல்லை முக்கோணமும் சூரியனுமாக அடுக்கியிருக்கிறார்கள். வோலாக்ஸில் வீட்டளவு உருண்டைப் பாறைகளுக்கு நடுவே கூடை முடைகிறார்கள். பளிங்கு வேலைக்குப் பிர்கோஸ். அந்தக் கைவினை 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சிற்பி யானூலிஸ் ஹலெபாஸ் பிறந்த ஊரும் அதுதான்.

கேள்வி: தீனோசுக்கு விமானம் உண்டா? விசா வேண்டுமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: விமான நிலையமே இல்லை. ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து ராஃபீனா துறைமுகம் பக்கம்தான், பேருந்து ஓடுகிறது. அங்கிருந்து விரைவு ஃபெர்ரி என்றால் இரண்டு மணி நேரம் போல, சாதாரண ஃபெர்ரி என்றால் நான்கு. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 180 நாளில் 90 நாள்வரை சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் தங்கலாம். கோடையில் மெல்டெமி என்ற வடகாற்று பேய்த்தனமாக வீசும். அதிகமானால் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள். அதனால் தீவிலிருந்து கிளம்பும் அன்றே ஊர் திரும்பும் விமானத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தைய இரவே ஏதென்ஸ் வந்து தங்கிவிடுங்கள்.