வண்டிகள் தமக்குள் பேசுவது பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

தக்கலையிலிருந்து: அண்ணே, முன்னால் போகிற பஸ் பிரேக் போட்டது நம் காருக்கு எப்படித் தெரியும்?

பஸ்ஸிலும் உங்கள் காரிலும் இதற்கென்றே ஒரு ரேடியோ இருந்தால் தெரியும். பஸ்ஸில் உள்ள ரேடியோ நொடிக்கு 10 தடவை தான் நிற்கிற இடம், வேகம், திசை, பிரேக் மிதித்தாயிற்றா என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும், யாரையும் குறிப்பிட்டு அல்ல, சுமார் 300 மீட்டருக்குள் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். குலசேகரம் ரோட்டில் தடி ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறீர்கள், லாரிக்கு முன்னால் பஸ். பஸ்ஸின் சிவப்பு விளக்கு உங்களுக்குத் தெரியாது, ஆனால் உங்கள் காரின் ரேடியோவுக்குக் கேட்கும். வளைவில் பாறையோ கட்டடமோ மறைத்தால் தூரம் குறையும். காரின் திரையில் எச்சரிக்கை வரவில்லை என்பதால் வழி காலி என்று நினைக்காதீர்கள்.

மார்த்தாண்டம்: 5ஜி வந்தாச்சே, எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்பினால் போதாதா?

போதாது. 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் போய்விடும். தகவல் டவருக்குப் போய், எங்கோ இருக்கும் சர்வரைத் தொட்டுத் திரும்ப அரை நொடி ஆனாலே 14 மீட்டர், அதாவது ஒரு பஸ் நீளத்துக்கு மேல். பேச்சிப்பாறைப் பக்கம் போனால் டவர் கிடைப்பதே பெரிய பாடு. கிளவுடுக்கு வேலை வேறு: ஆரல்வாய்மொழியில் காற்று எப்படி, ஒரே வளைவில் மாதக்கணக்கில் எத்தனை வண்டி திடீர் பிரேக் போட்டது என்று சேர்த்துப் பார்ப்பது. அந்தக் கணக்கு எந்தத் தனி டிரைவருக்கும் தெரியாது.

எங்கள் பஸ்ஸில் ஜிபிஎஸ் பெட்டி இருக்கே சார், அதுதானே இது?

இல்லை. அது ஏஐஎஸ் 140 என்கிற இந்திய வாகனத் தரநிலைப்படி வைக்கும் பெட்டி. சிம் வழியாகச் சர்வருக்கு இடத்தைச் சொல்லும், அவசர பட்டனும் உண்டு. பக்கத்து வண்டியோடு பேசாது.

நாகர்கோவில் மாணவி: வண்டிகள் பேசும் இந்த ரேடியோ வைஃபை வகையா, செல்லுலார் வகையா?

அமெரிக்கா 1999-இல் 5.9 கிகாஹெர்ட்ஸில் 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வண்டிகளின் பேச்சுக்கென்று ஒதுக்கியது. 2020-இல் அதில் 45-ஐச் சாதாரண வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் 30-ஐ வண்டிகளின் செல்லுலார் வகை ரேடியோ பக்கம் திருப்பியது. இதை எழுதி முடிப்பதற்குள் தக்கலை நண்பர் குறுக்கே வந்தார்: "செல்லுலார் என்றால் டவர் இல்லாத இடத்தில் செத்துப்போகுமே!" அப்படியில்லை தம்பி, வண்டிக்கு வண்டி நேரடியாகப் பேசும் முறைக்கு டவரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். விடவில்லை: "2019 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் வைஃபை வகைதானே வந்தது?" சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். வம்பே அங்கேதான், இரண்டு வகை ரேடியோவும் ஒன்றுக்கொன்று புரியாது. களியக்காவிளையில் தமிழும் மலையாளமும் பாதிப் பாதியாகப் பேசிச் சமாளித்துவிடுவோம், ரேடியோவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

என் பழைய ஸ்கூட்டர்?

பேசாது. ரோட்டில் நிற்கிற மாடும் பேசாது. அதனால்தான் மறுபடி சொல்கிறேன், திரை சும்மா இருந்தால் வழி காலி என்று அர்த்தமில்லை.

எந்தக் கார் வாங்கலாம்?

ஷோரூமில் கேளுங்கள்.

அண்ணே, எங்கள் வேனிலும் ஜிபிஎஸ் பெட்டி...

இதையே கேட்கும் இரண்டாவது ஆள் நீங்கள். மேலே படியுங்கள்.