பெரிய சட்ட நிறுவனத்தை விட்டுப் போனால் திரும்பி வர முடியுமா?

கேள்வி: பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். எங்கள் கட்சிக்காரரான ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் முழுநேரச் சம்பள வேலை கிடைத்திருக்கிறது. விலகி ஓராண்டுக்குள் கட்சிக்காரர்களிடம் வேலைக்குச் சேரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. பிறகு இங்கேயே திரும்பும் எண்ணமும் இருக்கிறது. "எப்ப வேணும்னாலும் வாங்க" என்கிறார் மூத்த பங்குதாரர். நம்பிப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். அவர் மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் திரும்பும்போது முடிவெடுக்கும் இடத்தில் அவரே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உங்கள் கேள்வியில் வராத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை: சன்னது, அதாவது வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமம். இந்திய பார் கவுன்சில் விதி 49-இன்படி, வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அந்த வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்தியாக வேண்டும். அசல் பதிவுச் சான்றிதழையும் ஒப்படைக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டே வக்காலத்தில் (கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் ஆஜராக அதிகாரம் தரும் பத்திரத்தில்) கையெழுத்துப் போடுகிறார்கள். புகார் வந்தால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை வரும். முறையாக நிறுத்தியவருக்குத் திரும்புவது எளிது: மீண்டும் தொழில் செய்ய ஒரு விண்ணப்பம், அதே சட்டத்தின் 24ஏ பிரிவின்படி தகுதியிழப்பு உண்டா என்று சொல்லும் பிரமாண வாக்குமூலம், அவ்வளவுதான். பார் கவுன்சிலின் பதிவுக் குழு உத்தரவிட்டதும் சான்றிதழ் கைக்கு வரும். அதுவரை எந்த வக்காலத்திலும் பெயர் வர வேண்டாம். தொழிலை நிறுத்துவதாகப் பார் கவுன்சிலுக்குக் கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகை வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள்.

சரி, அந்த ஷரத்து. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. விலகிய பிறகும் நீளும் இத்தகைய தடையை நீதிமன்றங்கள் பொதுவாக அமல்படுத்துவதில்லை. நோட்டீஸ் காலம் அப்படியல்ல, அதை முழுசாக முடித்துக் கொடுங்கள். ஆனாலும் திரும்பி வர நினைக்கிற இடத்தில் 27-ஆம் பிரிவைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். கட்சிக்காரர் கம்பெனியில் தங்கள் ஆள் இருப்பது நிறுவனத்துக்கும் லாபம்தான். ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

கிளம்பும்போது ஒரு வரைவைக்கூட உங்கள் பென்டிரைவில் ஏற்றாதீர்கள். கட்சிக்காரர் சொன்னதைக் காக்கும் கடமை வேலை முடிந்த பின்னும் தொடரும் என்று 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 132-ஆம் பிரிவே சொல்கிறது. அப்புறம், ஒரு தரப்புக்கு வழக்கில் ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சிலின் விதி 33. நாளை நீங்கள் திரும்பும்போது நிறுவனம் முதலில் பார்க்கப்போவது இதைத்தான். புது வேலையில் நீங்கள் கையாளும் விவகாரங்களில் எதிர்த்தரப்பு யார் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள், உள்விவரம் எதையும் எழுதி வைக்க வேண்டாம்.

ராஜினாமா கொடுக்கும் முன் பங்குதாரருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தக் கம்பெனி, எந்தத் தேதி, திரும்பினால் பழைய சீனியாரிட்டி கணக்கில் வருமா என்று நேராகவே கேளுங்கள். அவர் பதிலை ஒப்பந்த நகலோடு சேர்த்து வையுங்கள்.