ரிங்குக்கு முதுகைக் காட்டி நிற்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வண்டிப்பெரியாறிலிருந்து எழுதுகிறேன். தேயிலை ஃபேக்டரியில் வேலை. கம்பம் மைதானத்துக் காற்றைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் நீங்களும் கூடைப்பந்து ஆடியவர் என்று தெரிந்துகொண்டேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஐந்தடி ஏழு அங்குலம். வகுப்பிலேயே உயரம் என்பதால் பள்ளி டீமில் சென்டராகப் போட்டு ரிங்குக்கு அடியில் நிறுத்திவிட்டார்கள். பந்து கைக்கு வந்தாலே கால் தப்பாக நகர்ந்துவிட்டது, ட்ராவல் என்று விசில் அடிக்கிறார்கள். இல்லாவிட்டால் பின்னால் நிற்கிற பிள்ளை தட்டிவிடுகிறது. ராத்திரியில் போனில் வீடியோ பார்த்து விதவிதமாகச் சுழன்று பழகுகிறாள், ஆட்டத்தில் ஒன்றும் வரவில்லை. இப்போதெல்லாம் தூரத்திலிருந்து எறிகிற மூன்று பாயிண்ட்தான் ஆட்டம், ரிங்குக்கு அடியில் ஆடுகிற போஸ்ட் ஆட்டம் செத்துவிட்டது என்கிறார்களே, அவளை வெளியே நிறுத்தச் சொல்லட்டுமா? இல்லையென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வெளியே நிறுத்த வேண்டாம். தொழில்முறை ஆட்டத்தில் மூன்று பாயிண்ட் பெருகிவிட்டது உண்மைதான். ஆனால் 2023-இல் டென்வர் அணி அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் கோப்பையை வாங்கியது, அவர்கள் சென்டர் நிகோலா யோகிச்சை நம்பி. பெரிதாக எம்பவே மாட்டார் மனிதர், எல்லாம் காலும் கையும்தான். பள்ளி ஆட்டத்துக்கு இது இன்னும் பொருந்தும். எங்கள் ஊர் ஆடிக் காற்றிலும் உங்கள் ஊர் ஜூன் மழையிலும் தூரத்திலிருந்து எறிகிற பந்து எங்கே போய் விழும் என்று எறிகிறவருக்கே தெரியாது. ரிங்குக்கு அடியில் ஒரு பிள்ளை ஒழுங்காகத் திரும்பத் தெரிந்து நின்றால் போதும், டீம் பிழைத்துக்கொள்ளும்.

சரி, ட்ராவல். பாப்பா பந்தை வாங்கும்போது கால்களைப் பாருங்கள். ஒரு கால் முதலிலும் மற்றது அடுத்தும் விழுந்தால், முதலில் விழுந்த கால்தான் பிவட் கால், அதாவது திரும்புவதற்கு அச்சு. வேறு வழியில்லை, அது தரையிலேயே இருக்க வேண்டும். அது எந்தக் கால் என்று அவளுக்கே தெரியாமல் திரும்பினால் விசில்தான். இரண்டு காலும் ஒரே நேரத்தில் ‘தப்’ என்று விழும்படி சின்னதாக ஒரு குதி குதித்து வாங்கச் சொல்லுங்கள். அப்போது எந்தக் காலை வேண்டுமானாலும் பிவட்டாக வைத்துக்கொள்ளலாம். முதுகைக் காட்டி நிற்கிற ஆளுக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது, இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்கும். இன்னொன்று: பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகத் தொடங்குவதானால், பிவட் கால் தரையை விட்டு எழும் முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். நம் பிள்ளைகள் காலைத் தூக்கிவிட்டுத்தான் பந்தைத் தட்டுகிறார்கள். ஷூட் செய்வதென்றால் பிவட் காலைத் தூக்கலாம், அது திரும்பத் தரையைத் தொடும் முன் பந்து போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வீடியோக்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் நான் எங்கள் பள்ளி சென்டர். குமுளிப் பக்கத்திலிருந்து ஒரு டீம் வந்திருந்தது. ரிங்கைப் பார்த்தால் இடது பக்கத்து போஸ்டில், அதாவது ரிங்குக்கு முன்னால் உள்ள கட்டத்தின் இடது ஓரத்தில், ரிங்குக்கு முதுகைக் காட்டி நிற்பேன். பந்து வந்ததும் இடது தோள் பக்கமாக நடுவே திரும்பி வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து எறிகிற ஒரு ஹூக். முதல் பாதியில் நாலைந்து விழுந்தது. இரண்டாம் பாதியில் அவர்கள் கோச் கோட்டோரம் நின்று கத்தினார்: “எடா, அவன் எப்போழும் இடத்தோட்டா திரியுன்னது!” எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு மலையாளம் புரியாது என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் சந்தைக்குப் போய் வந்தே மலையாளம் கற்றவன். அவன் எப்போதும் இடது பக்கம்தான் திரும்புகிறான் என்று சொல்கிறார், முழுசாகப் புரிந்தது. அடுத்த பந்து வந்தது. இடது பக்கமே திரும்பினேன். பையன் அங்கே தயாராக நின்றிருந்தான், பந்து நேராக வேலிக்கு வெளியே. அதற்கடுத்த பந்தும் அப்படியே. காதுக்குப் புரிந்தது காலுக்குப் புரியவில்லை. அதற்கு வேறு வழி எதுவும் தெரியாது.

தோற்றுத் திரும்பினோம். எங்களோடு சாயந்திரம் ஆடவரும் ஒரு அண்ணன் இருந்தார். விடியற்காலையில் கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்புக்கு டிரைவர். அவர் ஒன்றும் திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினார், பின்னால் வந்து சாய்ந்துகொண்டார். “எந்தப் பக்கம் கனம்?” என்றார். இடது தோளில் என்றேன். “அப்ப அந்தப் பக்கம் எதுக்குப் போற? காலியா இருக்கிற பக்கம் போ.” மறுபடி சாய்ந்தார். மறுபடி கேட்டார். பந்தே கிடையாது. ஒரு வாரம் இதுதான் பயிற்சி. கொண்டை ஊசி வளைவில் ஹார்ன் சத்தத்தை வைத்தே எதிரே வருவது பஸ்ஸா லாரியா, எவ்வளவு இடம் கேட்கும் என்று டிரைவருக்குத் தெரியுமே, அது மாதிரி முதுகுக்குத் தெரியணும் என்பார்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். ஒரு திருப்பம், அது அடைபட்டால் அதற்கு ஒரு மாற்று, இரண்டில் எது என்று முதுகு சொல்ல வேண்டும். பன்னிரண்டு வித்தை தேவையில்லை.

பந்து வரும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். கால்களை அகட்டி, முக்காலியில் உட்காருவது போல் இடுப்பை இறக்கி, பின்னால் இருக்கிறவளின் தொடையில் தன் பின்பக்கத்தை அழுத்தி நிற்கணும். நிமிர்ந்து நின்றால் உயரம் கூடும், இடம் போய்விடும். பந்து எந்தக் கையில் வேண்டுமோ அந்தக் கையை விரித்துக் காட்டணும். இன்னொன்று, ரிங்குக்கு முன்னால் இருக்கிற கட்டத்தின் கோட்டுக்கு வெளியே நிற்கப் பழக்குங்கள். கட்டத்துக்குள் மூன்று செகண்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியில் கோடும் உள்ளேதான் சேர்த்தி, குதிகால் கோட்டில் பட்டாலும் உள்ளே நிற்பதாகவே கணக்கு. ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடான பேஸ் லைனை ஒட்டிப் போர்டுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாலும் பயனில்லை, அங்கிருந்து போர்டில் அடிக்கக் கோணம் கிடைக்காது.

இப்போது இடது போஸ்டில் பந்தை வாங்கிவிட்டாள், கனம் இடது தோளில், அதாவது நடுப்பக்கம். பேஸ் லைன் பக்கம் காலி. இடது கால் பிவட். வலது காலைப் பின்னால் ரிங்கை நோக்கி நீளமாகப் போட வேண்டும், அந்தக் கால் எதிராளியின் காலைத் தாண்டி விழ வேண்டும். போடும்போதே இரண்டு கையாலும் பந்தைத் தாழ்வாக ஒரே ஒரு தட்டு. பிறகு இரண்டு காலிலும் சேர்ந்து எம்பி போர்டில். இதைத்தான் டிராப் ஸ்டெப் என்கிறார்கள். அவசரப்பட்டு ஒற்றைக் காலில் எம்பினால், இடித்தால் சாய்ந்துவிடுவாள்.

கனம் வலது தோளில் இருந்தால் வலது கால் பிவட், இடது கால் நடுவே, வலது கையால் ஹூக். இடது தோள் ரிங்கைப் பார்க்க வேண்டும், அப்போது எதிராளிக்கும் பந்துக்கும் நடுவே அவள் உடம்பு முழுசாக இருக்கும். இது நாலு முறை விழுந்தால் ஐந்தாவது முறை எதிராளி முன்கூட்டியே எழும்புவாள். அன்றைக்கு நான் கேட்டும் செய்யாதது அங்கேதான். ஹூக்குக்குத் தூக்குவது போல் பந்தைக் காட்டு, அவள் எழும்பட்டும், வலது காலை அசைக்காமல் இடது காலை அவள் கைக்கு அடியில் நுழைத்து உள்ளே போ. பாஸ்டன் அணியின் கெவின் மெக்ஹேல் 1980-களில் இதை வைத்தே பிழைத்தார் என்று சொன்னால் மிகை, ஆனால் கொஞ்சம்தான் மிகை.

கால் விஷயத்தில் ஹக்கீம் ஒலாஜுவானைச் சொல்லாமல் விட முடியாது. லாகோஸில் கால்பந்து கோல்கீப்பராகவும் ஹேண்ட்பால் ஆட்டக்காரராகவும் இருந்தவர், பதினைந்து வயதுக்கு மேல்தான் கூடைப்பந்தைத் தொட்டார். 1994, 1995 இரண்டு வருஷமும் ஹூஸ்டனுக்குக் கோப்பை. பாப்பா தாமதமாகத் தொடங்கினாள் என்று கவலைப்பட வேண்டாம். பக்கத்து மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறார்: கோட்டயத்துக்காரர் கீது அன்னா ஜோஸ், இந்திய அணியின் சென்டராக இருந்தவர், ஆஸ்திரேலியாவில் கிளப் ஆட்டம் ஆடியவர், 2014-இல் அர்ஜுனா விருது. அவர் பெயரை அவளிடம் சொல்லிவையுங்கள்.

தினமும் பத்து நிமிஷம் ரிங்குக்கு அடியில் நின்று வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள், பந்து தாடைக்குக் கீழே இறங்கக் கூடாது. ஜார்ஜ் மைக்கன் பெயரில் உள்ள பயிற்சி இது. அவரைச் சமாளிக்க முடியாமல் 1951-இல் என்பிஏவில் ரிங்குக்கு முன்னால் இருக்கிற கட்டத்தையே ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக அகலப்படுத்தினார்கள்.

அப்புறம் பந்தை ஒருமுறை பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் நம்பர் பந்து. பல பள்ளிகளில் பையன்களின் ஏழாம் நம்பரையே கொடுத்துவிடுகிறார்கள், கைக்குள் அடங்காத பந்தை வைத்துக்கொண்டு ஹூக் போட வராது.

கண் கட்டுவதற்கு நீங்களே போதும், ஆட்டம் தெரிய வேண்டியதில்லை. பின்னால் நின்று சாய்ந்து கேளுங்கள். மே மாதம் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மலை இறங்கினால் ரொம்ப தூரமில்லை. ரிங்குக்குப் பின்னால் கேலரியில் இடம் பிடித்து, முதல் பத்து நிமிஷம் பந்தைப் பார்க்காமல் சென்டரின் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நானும் அங்கேதான் இருப்பேன், வழக்கமாக இடது மூலையில்.