நிறுத்த வேண்டாம் அக்கா, வேகத்தைக் குறையுங்கள்

வணக்கம் அக்கா. தோட்டப் பள்ளியில் ஓடியதோடு சரி, 52 வயதில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மறுபடி ஓட ஆரம்பித்ததும் முகத்தில் காற்று பட்டுத் தானாகச் சிரிப்பு வந்தது, ஆனால் மூன்றாவது வாரமே கால் முன்னெலும்பு வலிக்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பை விடவே விடாதீர்கள்.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அவசரப்பட்டால் இந்த வலி வரும். வலி அடங்கும்வரை நடை மட்டும். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓடிக்கொண்டே பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு வரவில்லையென்றால் வேகம் அதிகம். பள்ளியில் நூறு மீட்டர் ஓடியவர்களுக்கு இதுதான் கஷ்டம், கால் பழைய வேகத்தையே தேடும்!

எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் சுளீரென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓடாதீர்கள். விரிசலாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். போகிற போக்கில் ரத்த அழுத்தம், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

செம்பனைத் தோட்டத்து மண் பாதை காலுக்கு இதம்தான். ஆனால் நமக்கு விடியவே ஏழு மணி ஆகிறது. இருட்டில் தனியாக அங்கே வேண்டாம், பள்ளித் திடல் போதும்.

"இந்த வயசுல எதுக்கு" என்பவர்களிடம் ஃபௌஜா சிங்கைப் பற்றிச் சொல்லுங்கள். 2000ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானை ஓடியபோது அவருக்கு வயது 89.

ஆமாம், என்ன சப்பாத்து போடுகிறீர்கள்? அடி தேய்ந்த பழசு என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.